கப்பல் வருமுன் எழுத வேண்டிய கணக்கு

(உடன்குடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)



உடன்குடிக்காரர்களுக்குப் புகை புதிதல்ல. பங்குனி பிறந்தால் பனங்காட்டு விடிலிகளில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைகளில், அடுப்பு மூளும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீர், ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் எரியும் தீயில் வற்றிப் பாகாகி, சிரட்டையில் விழுந்து கருப்பட்டியாகும். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. இந்த ஊரின் பெயரில் இப்போது இன்னொரு தீயும் சேர்ந்திருக்கிறது. 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல் மின் திட்டம்; அதற்கு நிலக்கரி இறக்கக் கல்லாமொழிக் கரையிலிருந்து கடலுக்குள் பல கிலோமீட்டர் நீளும் இறங்குதளம். பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வடக்கே தூத்துக்குடித் துறைமுகமும், 1979இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல் நிலையமும் இருக்கின்றன. இவை எல்லாவற்றின் முன்னும் மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கடல் அது.

விடிலி அடுப்பு, கப்பலின் உலை எண்ணெய், நிலக்கரித் தூள், லாரிப் புகை, சாலைத் தார் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வேதிக் குடும்பம் உண்டு. அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்பது அதன் பெயர். கார்பன் அணுக்கள் ஆறாறாகக் கைகோத்து வளையம் கட்டும். அந்த வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு வளையம் ஒட்டினால் நாப்தலீன், அதாவது துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை. மூன்று ஒட்டினால் ஆந்த்ரசீன், ஃபினாந்த்ரீன். நான்கில் பைரீனும் கிரைசீனும். ஐந்து வளையம் கொண்ட பென்சோபைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இக்குடும்பத்தில் 16 சேர்மங்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் கண்காணிக்க வேண்டியவை என்று வரிசைப்படுத்தியது.

இந்தச் சேர்மங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் இவை தாமே ஒளிரும். அந்த ஒளியை அளக்கும் முறை ஒரு மாவட்டக் கல்லூரியின் ஆய்வகத்துக்கு எட்டக்கூடியது. ஆனால் கசிவு நேர்ந்த பிறகு அளக்கத் தொடங்கினால் பாதிப் பயன் போய்விடும். நிலக்கரிக் கப்பல்கள் முழு அளவில் வந்து போகத் தொடங்குமுன் இந்தக் கரையின் ஒளிக்கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வுரையின் வாதம் அதுதான். ஏழு கூறுகளாக அதை விளக்கலாம்.

1. ஒளியே முதல் துப்பு

1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்று வருவதைக் கவனித்து, அதற்குக் காரணம் கரி என்று எழுதினார். 1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக் கணக்காக நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். தாரில் நஞ்சு இருப்பது உறுதியாயிற்று. எது நஞ்சு என்பதுதான் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்த கரிய குழம்பு அது. ஒவ்வொன்றாகப் பிரித்து விலங்கின் தோலில் தடவிக் காத்திருந்தால் ஆயுள் போதாது.

லண்டன் புற்றுநோய் மருத்துவமனையில் எர்னஸ்ட் கென்னவேயின் குழுவுக்கு வழி காட்டியது ஒளி. புற்று உண்டாக்கும் தார்கள் புற ஊதாவில் ஒளிரும்போது நிறமாலையில் 400, 418, 440 நானோமீட்டர் அருகே மூன்று பட்டைகள் தெரிந்தன. அந்தப் பட்டைகளைக் கையில் விளக்குபோல் பிடித்துக்கொண்டு குழுவிலிருந்த ஹீகர் தேடினார். இரண்டு டன் தார்க் கட்டியைப் படிப்படியாகப் பிரித்தார்கள். எந்தப் பகுதியில் அந்தப் பட்டைகள் வலுத்தனவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினார்கள். கடைசியில் மிஞ்சிய மஞ்சள் படிகம் பென்சோபைரீன். குக், ஹெவெட், ஹீகர் மூவரும் 1933இல் அதை வெளியிட்டார்கள்.

எந்தச் சேர்மத்தைத் தேடுகிறோம் என்று தெரியாத நிலையிலேயே ஒளி அதன் இருப்பிடத்தைக் காட்டிவிட்டது. இந்தத் துறையின் மற்றக் கருவிகள் பெரும்பாலும் இந்த வெற்றிக்குப் பின் வந்தவை.

2. இவ்வளவு கூர்மை எப்படி வருகிறது?

ஒரு சேர்மம் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று அளப்பது ஒரு முறை. விழுங்கியதில் எவ்வளவைத் திருப்பி உமிழ்ந்தது என்று அளப்பது இன்னொன்று. நடுப்பகலில் ஒரு விளக்கை அணைத்தால் யாருக்கும் தெரியாது. அமாவாசை இரவில் தீக்குச்சி கிழித்தால் ஊர் எல்லை வரை தெரியும். உமிழ்வை அளக்கும் முறை இரண்டாவது வகை. இருட்டுப் பின்னணியில் எண்ணுவதால், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கும் பென்சோபைரீனைக்கூட, முதலில் செறிவாக்கிப் பிரித்துக்கொண்டால், இம்முறை பிடித்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, இக்குடும்பம் முழுவதற்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லையைக் காவல் காக்க இத்தனை கூர்மை தேவைதான்.

உட்கவர்ந்த ஒளியை நானோ விநாடிகளில் உமிழ்வது உடனொளிர்வு. 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், உமிழும் ஒளி விழுங்கிய ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் வருவதை நிறுவினார். இந்த இடைவெளி இருப்பதால்தான் விளக்கின் ஒளியை வடிகட்டிவிட்டுச் சேர்மத்தின் ஒளியை மட்டும் பார்க்க முடிகிறது. மில்லி விநாடி முதல் விநாடிக் கணக்கு வரை தங்கி ஒளிர்வது நின்றொளிர்வு. ஆக்சிஜன் அதை அணைத்துவிடும் என்பதால், திரவ நைட்ரஜனில் உறையவைத்தோ, வடிதாளில் சொட்டி உலர்த்தியோ அளப்பார்கள். 1952இல் சோவியத் அறிஞர் ஷ்போல்ஸ்கி, பொருத்தமான நேர்ச்சங்கிலி ஆல்கேனில் கரைத்து உறையவைத்தால் அகன்ற பட்டைகள் மெல்லிய கோடுகளாகப் பிரிவதைக் கண்டார். ஒரே வாய்ப்பாடு கொண்ட இரட்டைப் பிறவிச் சேர்மங்களையும் அதில் பிரித்தறியலாம்.

இந்த ஒளியைக் கற்றவர்களில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு. கே. எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த வத்திராயிருப்பில் பிறந்தவர். 1930களில் நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற அரோமாட்டிக் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றார். அதற்கு முன்பே, 1928இல் ராமனுடன் சேர்ந்து அவர் செய்த வேலை இன்றைய உடனொளிர்வு மானியின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1923இல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் தூய திரவங்களில் ஒரு மங்கிய ஒளியைக் கண்டார். மாசினால் வரும் வலுவற்ற உடனொளிர்வு என்று எண்ணினார்கள். எத்தனை முறை தூய்மை செய்தும் அது போகவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அது, மூலக்கூறில் பட்ட ஒளி அலைநீளம் மாறிச் சிதறும் ராமன் சிதறல் என்று தெரிந்தது.

இன்று மாசு அளக்கும் ஆய்வகத்தில் அதே கதை தலைகீழாக நடக்கிறது. தூய நீரை 350 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால் 397 அருகே ஓர் உச்சம் எழும். அது மாசு அல்ல, நீரின் ராமன் ஒளி. தூண்டும் அலைநீளத்தை மாற்றினால் ராமன் உச்சம் கூடவே நகரும். உடனொளிர்வு தன் இடத்திலேயே நிற்கும். அந்த ராமன் உச்சத்தின் பரப்பை அளவுகோலாக வைத்தே வெவ்வேறு ஆய்வகங்கள் தங்கள் கருவிகளை ஒப்பிட்டுக்கொள்கின்றன.

3. எந்தத் தீயிலிருந்து வந்தது?

மாசு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் ஊர்க்கூட்டத்தில் சண்டைதான் மூளும். மூலம் எது என்று சொல்ல வேண்டும்.

வளையங்கள் கூடக் கூட ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகரும். தூண்டும் அலைநீளத்துக்கும் அளக்கும் அலைநீளத்துக்கும் நடுவே 20, 25 நானோமீட்டர் என்று ஒரே இடைவெளி வைத்து இரண்டையும் ஒன்றாக நகர்த்தினால், ஒற்றை வளையச் சேர்மங்கள் 280ஐ ஒட்டியும், இரட்டை வளையங்கள் 310 முதல் 330 வரையிலும், மூன்று நான்கு வளையங்கள் 350 முதல் 380 வரையிலும், அதற்கு மேற்பட்டவை 400ஐத் தாண்டியும் வரிசையாக நிற்கும். 1971இல் பிரிட்டனில் லாயிட் தடய அறிவியலுக்காக வகுத்த முறை இது. பின்னர் வோ-டின் அதை மாசு ஆய்வுக்கு விரிவாக்கினார்.

கச்சா எண்ணெயிலும் கப்பல் எரிபொருளிலும் இரண்டு, மூன்று வளையங்கள், பக்கக் கிளைகளோடு மிகுதியாக இருக்கும். எரிந்த புகையில் நான்கு முதல் ஆறு வளையங்கள், கிளையில்லாமல் மிகும். ஆகவே மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கிய கரிய உருண்டை கப்பல் எண்ணெயா, எரிந்து கரைந்த கரியா என்று ஒளிக்கோலத்தைப் பார்த்துப் பெரும்பாலும் சொல்லலாம். எந்தக் கப்பல் என்பதை ஒளி மட்டும் சொல்லாது. அதற்கு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் வேண்டும். எந்த மாதிரியை அந்த விலையுயர்ந்த கருவிக்கு அனுப்பலாம் என்று தேர்ந்து கொடுப்பது ஒளிர்வு முறை.

4. ஒளி ஏமாற்றும் இடங்கள்

எண்ணெய் கூடினால் ஒளி கூடும் என்று நினைப்பது இயற்கை. ஓரளவுக்குத்தான் அது உண்மை. அடர்ந்த உலை எண்ணெய் தான் உமிழ்ந்த ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். வெறும் புற ஊதா டார்ச்சில் மங்கலாகவே தெரியும். அதையே ஹெக்சேனில் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் நீலமாக ஒளிரும். நீர்க்கச் செய்யாமல் அளந்தவர், மோசமான மாதிரிக்கு நல்ல சான்றிதழ் கொடுத்துவிடுவார். பைரீன் செறிவு மிகும்போது இரண்டு மூலக்கூறுகள் இணைந்து 470ஐ ஒட்டி வேறொரு ஒளி தரும் என்பதையும் 1954இலேயே ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் காட்டியிருக்கிறார்கள்.

தாமிரபரணி நீரில் இன்னொரு தொல்லை. பொதிகையின் இலைச் சருகிலிருந்தும் வயல் மண்ணிலிருந்தும் கரைந்து வரும் கரிமப் பொருள்கள் 420 முதல் 450 வரை பரவலாக ஒளிரும். துணி சோப்பிலுள்ள வெண்மையூட்டிகளும் அங்கேயே ஒளிரும். ஆற்றங்கரைப் படித்துறையில் எடுத்த நீரை அப்படியே கருவியில் வைத்துவிட்டு எண்ணெய் என்று கூவுவது பிழை. ஹெக்சேனில் பிரித்தெடுத்தால் அந்தப் பொருள்கள் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். எல்லாத் தூண்டல் அலைநீளங்களுக்கும் உமிழ்வை அளந்து வரைபடமாக விரித்தால், இலைச்சாறு ஒரு மேடாகவும் எண்ணெய் வேறொரு மேடாகவும் பிரிந்து நிற்கும்.

5. எண்ணூர் கற்றுத் தந்தது

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் பி. டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு இல்லை என்பதுபோலவே முதல் செய்திகள் வந்தன. சில நாளில் எர்ணாவூர்க் கற்கள் கறுத்தன. எண்ணெய்ச் சேற்றை வாளியிலும் கையிலும் அள்ளினார்கள். பிறகு வந்த மதிப்பீடுகள் 200 டன்னை ஒட்டியும் அதற்கு மேலும் போயின. மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். கடலுக்கே போகாத மீனவர் வீட்டிலும் அடுப்பு அணைந்தது.

2023 மார்ச்சில் நாகப்பட்டினம் அருகே பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை முகத்துவாரத்துக்கு வந்தது. எவ்வளவு, எங்கிருந்து என்பதெல்லாம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் முன் வாதமாயின.

எண்ணூர்க் கழிமுகத்தில் ஆலைகளும் அனல் நிலையங்களும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. புதிய எண்ணெய் பழைய அழுக்கின் மேல் படிகிறது. நேற்றுவரை அங்கே எவ்வளவு இருந்தது என்ற எண், ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் கையில் இல்லாதபோது, இன்று கூடியது எவ்வளவு என்று மீனவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? இழப்பீட்டுக் கணக்கு அந்தக் கழித்தலில்தான் தொங்குகிறது. உடன்குடிக் கரைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கழிக்க வேண்டிய எண்ணை இப்போதே எழுதிவைக்க இங்கே வாய்ப்பு இருக்கிறது.

6. மீனின் பித்தநீரும் அடுப்படித் தாயும்

மீனின் சதையில் இந்தச் சேர்மங்கள் நெடுநாள் தங்குவதில்லை. ஈரல் அவற்றை மாற்றிப் பித்தப்பைக்கு அனுப்பிவிடும். எனவே சதையை மட்டும் சோதித்து மீன் மாசைத் தொட்டதே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரு துளி பித்தநீரை நீர் கலந்த ஆல்கஹாலில் நீர்க்கச் செய்து மூன்று இடங்களில் ஒளி பார்த்தால் போதும். 290இல் தூண்டி 335இல் அளந்தால் நாப்தலீன் வகை, 341க்கு 383இல் பைரீன் வகை, 380க்கு 430இல் பென்சோபைரீன் வகை. வட கடல் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி நார்வேக்காரர்கள் இப்படித்தான் மீன்களைக் கண்காணிக்கிறார்கள். வாங்குபவருக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. பித்தம் ஒளிர்ந்தாலும் சதை பெரும்பாலும் தூய்மையாக இருக்கும் என்பதை இரண்டையும் அளந்து காட்டிவிடலாம்.

அடுத்துச் சொல்ல வேண்டியது இந்த அவையில் சிலருக்குக் கசக்கலாம். பெரிய புகைபோக்கியைத்தான் எல்லாரும் சுட்டுகிறோம். ஆனால் ஒரு கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு பென்சோபைரீன் என்று கேட்டால், பொடித்த நிலக்கரியை மிகுந்த காற்றோடு 1,200 டிகிரிக்கு மேல் எரிக்கும் கொதிகலனைவிட, ஈர மட்டை புகைந்து எரியும் அடுப்பு பன்மடங்கு கூடுதலாக உமிழும். அந்தப் புகை உயரத்தில் போய்க் கலைவதும் இல்லை, பதநீர் கிண்டும் பெண்ணின் முகத்துக்கு நேரே வருகிறது. வெளிக்காற்றில் பென்சோபைரீனின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு ஒரு நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009 நவம்பரில் இந்திய அரசு விதித்தது. விடிலிக்குள் அந்த விதி எட்டிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளின் புகையைச் சென்னையில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த எரிவாயு அடுப்பு ஆய்வில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் இடம்பெற்றன. கருப்பட்டி அடுப்புக்கும் அந்தக் கவனம் சேர வேண்டும்.

அதற்கும் ஒளியே வழி. உடலுக்குள் போன பைரீன் ஹைட்ராக்ஸிபைரீனாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். 1980களில் நெதர்லாந்தில் யோங்கெநெலென் வகுத்த முறையில், நிறப்பிரிகையோடு உடனொளிர்வைச் சேர்த்து அதை அளக்கலாம். காய்ச்சும் காலத்துக்கு முன்பும் நடுவிலும் எடுத்தால், புகைபோக்கி வைத்த அடுப்பு எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது எண்ணாகத் தெரியும். கருப்பட்டியின் பெயருக்கு இதனால் கேடு வராது. புகையிட்ட மீனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரீன்தான் அனுமதி என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் எல்லையை இறுக்கியது. வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் எந்தப் பண்டமும் ஒருநாள் அத்தகைய கேள்வியைச் சந்திக்கும். அன்று சொந்தமாக அளந்த எண் வைத்திருக்கும் ஊருக்கு அச்சமில்லை.

7. இங்கே செய்ய வேண்டியது

முறை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யுனெஸ்கோவின் கடலாய்வு ஆணையம் 1984இல் வெளியிட்ட கையேடு இருக்கிறது. மேல்படலத்தைத் தவிர்த்து ஒரு மீட்டர் ஆழத்தில் கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, ஹெக்சேனில் பிரித்து, 310இல் தூண்டி 360இல் அளந்து, கிரைசீனோடு ஒப்பிட்டு எழுதுவது. இந்தியக் கடற்கரைகளில் 1990களில் தொடங்கிய மைய அரசின் கண்காணிப்புத் திட்டத்திலும் எண்ணெய் ஹைட்ரோகார்பன் ஓர் அளவையாக இருக்கிறது. அதன் நிலையங்கள் சில இடங்களில்தான். நடுவிலுள்ள கரையை நிரப்பும் வேலை உள்ளூர்க் கல்லூரிகளுக்கு உரியது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில்தான்.

இடங்கள் இப்படி அமையலாம். ஒப்பீட்டுக்குப் பாபநாசம், ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம், கடலில் கலக்கும் புன்னைக்காயல், பிறகு வீரபாண்டியன்பட்டினம், கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும்போது ஒரு சுற்று. படகுகள் இறங்கியபின் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒன்று. மழைச் சுற்றை விட்டுவிடவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, சாலைத் தாரும் வாகனக் கரியும் அந்த வெள்ளத்தோடுதான் கடலுக்குப் போயின.

நீரோடு அடிமண்ணும் எடுக்க வேண்டும். நீர் அன்றைய செய்தி, மண் பல ஆண்டுச் சேமிப்பு. பிளாஸ்டிக் புட்டி ஆகாது. அது எண்ணெயை உறிஞ்சும், தன் பொருளையும் கசியவிடும். பழுப்புக் கண்ணாடிதான் வேண்டும், ஏனென்றால் வெயில் பட்டால் ஆந்த்ரசீன் சிதைந்துவிடும். மாதிரி எடுக்கும் படகின் டீசல் எஞ்சினை அணைத்து, காற்றுக்கு எதிர்ப்பக்கம் புட்டியை இறக்க வேண்டும். இந்த வேலையில் கடல் தெரிந்த மீனவரே நல்ல ஆள்; பேராசிரியர் பின்னால் உட்காரலாம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் நாள், இடம், ஓதம், காற்று, எடுத்தவர் பெயர், அன்று தூய நீரில் பதிவான ராமன் உச்சத்தின் அளவு ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னது இருந்தால்தான் பத்து ஆண்டு கழித்து வேறொரு கருவியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியும். பிரித்தெடுத்த ஹெக்சேன் கரைசலில் ஒரு பகுதியை முத்திரையிட்டு உறைபெட்டியில் வைக்க வேண்டும். பதிவேட்டின் ஒரு படி கல்லூரியிலும், ஒரு படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், ஒரு படி மீனவர் சங்கத்திலும் இருக்கட்டும். வரும் தடைக்காலத்திலேயே முதல் சுற்றைத் தொடங்கலாம். அதற்கு வேண்டிய ஹெக்சேனும் கிரைசீனும் பழுப்புப் புட்டிகளும் ஒரு கல்லூரியின் வழக்கமான ஆய்வகச் செலவுக்குள் அடங்கும்.